கிருமியின் வீரியம் வேறு, மருந்தை எதிர்க்கும் திறன் வேறு: சிறுநீர்த் தொற்று பற்றிய வாசகர் கேள்விகள்

சிறுநீர்த் தொற்று குறித்துச் சென்ற இதழில் வெளியான குறிப்பைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கிருமி எவ்வளவு கொடியது என்பதையும் அது எந்த மருந்துக்குக் கட்டுப்படாது என்பதையும் ஒரே செய்தியாகக் கொண்டு எழுதப்பட்டிருந்தன. அப்படிக் கொள்வதால் தேவையில்லாத இடத்தில் மருந்து கொடுப்பதும், தேவையான இடத்தில் தவறான மருந்தைத் தேர்வதும் நேர்கின்றன. ஆகவே இம்முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் 'ஈ.கோலை' என்று இருந்தது. அது எல்லோருடைய குடலிலும் வாழும் சாதுவான கிருமி என்றுதான் பள்ளியில் படித்தேன். அது எப்படி நோய் தரும்?

பதில்: நீங்கள் படித்தது சரிதான், ஆனால் ஈ.கோலை என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்ட கிருமிகள் பல அடங்கியிருக்கின்றன. குழந்தை மருத்துவர் தியோடோர் எஷரிக் 1885இல் விவரித்த இந்தப் பாக்டீரியாவின் மூன்று வகைகளை 2002இல் மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். ஒன்று ஆய்வகங்களில் வளர்க்கப்படும் சாதுவான வகை; மற்றொன்று இரத்தக்கழிச்சலை உண்டாக்குவது; மூன்றாவது, சிறுநீரகத் தொற்று கண்ட ஒரு பெண்ணிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மூன்றிலும் உள்ள புரதங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து எண்ணியபோது, மூன்றுக்கும் பொதுவானவை 39.2 விழுக்காடு மட்டுமே. சிறுநீர்ப் பாதையைத் தாக்கும் வகைகளிடம் கூடுதல் மரபணுக்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. அவற்றின் வீரியம் அங்கிருந்துதான் வருகிறது.

குடலில் இருக்கும் வரை இவையும் சாதுவாகவே இருக்கும். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறக்குறைய 4 செ.மீ. நீளமே உள்ளதால், அந்தக் குறுகிய தூரத்தைக் கடந்து சிறுநீர்ப்பைக்குள் நுழைந்த பிறகுதான் அவற்றின் திறமைகள் வெளிப்படுகின்றன. அங்கே அவை முதலில் சந்திக்கும் இடையூறு சிறுநீரின் ஓட்டம். ஒட்டிக்கொள்ளத் தெரியாத கிருமி அடுத்த முறை சிறுநீர் கழிக்கும்போதே வெளியேறிவிடும். தாக்கும் கிருமியின் உடலைச் சுற்றிலும் மெல்லிய இழைகள் உள்ளன. அவற்றின் நுனியில் இருக்கும் ஃபிம்-எச் என்ற புரதம், சிறுநீர்ப்பையின் உட்சுவர் செல்கள் மீதுள்ள மானோஸ் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. இந்தப் பிடிப்பு, இழுக்க இழுக்க இறுகும் சுருக்குக் கயிற்றைப் போல, ஓட்டத்தின் விசை கூடும்போது மேலும் உறுதியாகிறது என்று 2002இல் காட்டப்பட்டது. இதைவிட வியப்பு, இந்த இழைகளை உண்டாக்குவதா வேண்டாமா என்பதை 314 எழுத்து இணைகள் நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு முன்னும் பின்னுமாகத் திரும்பித் தீர்மானிக்கிறது என்பது. எனவே ஒரே கூட்டத்தில் இழையுள்ளவையும் இல்லாதவையும் எப்போதும் கலந்தே இருக்கும், சூழல் எப்படி மாறினாலும் ஒரு பகுதி தப்பிக்கும்.

சிறுநீரகத்துக்கு ஏறும் வகைகளிடம் 'பி' இழைகள் என்ற வேறொரு வகை ஒட்டும் உறுப்பு உள்ளது. அது சிறுநீரகச் செல்களில் மிகுதியாக உள்ள ஒரு கொழுப்புச் சர்க்கரையைப் பற்றுகிறது. அடுத்து இரும்புச் சத்து. உடல் தன்னிடம் உள்ள இரும்பைக் கிருமிக்கு எட்டாதபடி கட்டி வைக்கிறது. கிருமியோ இரும்பைக் கவரும் சிறு மூலக்கூறுகளை வெளியே அனுப்பி அதை மீட்டுக்கொள்கிறது. அந்த மூலக்கூறுகளில் முதன்மையான என்டரோபாக்டினை நம் உடலின் லிப்போகாலின்-2 என்ற புரதம் பிடித்துவிடும். வீரியமுள்ள கிருமி அதே மூலக்கூறின் மீது குளுக்கோஸை ஏற்றி, லிப்போகாலினின் பிடிக்குள் அடங்காத சால்மோகெலினாக மாற்றி அனுப்புகிறது. செல்களைத் துளைக்கும் ஹீமோலைசின் போன்ற நச்சுகள் இவற்றுக்கு மேல். இவை அனைத்தும் ஒரே கிருமியிடம் இருக்க வேண்டியதில்லை. எத்தனை இருக்கின்றன என்பதைப் பொறுத்தே நோய் சிறுநீர்ப்பையோடு நிற்குமா, சிறுநீரகத்துக்கு ஏறுமா, இரத்தத்தில் கலக்குமா என்பது பெருமளவு அமைகிறது.

கல்ச்சர் அறிக்கை இதில் எதையுமே சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். அது கிருமியின் பெயரையும், எண்ணிக்கையையும், மருந்துகளுக்கு அது காட்டும் எதிர்வினையையும் மட்டுமே தெரிவிக்கிறது.

கேள்வி: 74 வயதான என் அம்மாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. வழக்கமான பரிசோதனையில் 'ஈ.எஸ்.பி.எல். ஈ.கோலை, ஒரு லட்சத்துக்கு மேல்' என்று வந்திருக்கிறது. பல மருந்துகளுக்கு நேராக 'ஆர்' என்று இருப்பதைப் பார்த்து உறவினர்கள் பயந்துவிட்டார்கள். ஊசி மூலம் வலுவான ஆன்டிபயாடிக் போட்டுவிட வேண்டுமா?

பதில்: எரிச்சல், அடிக்கடி சிறுநீர் போகும் அவசரம், அடிவயிற்று வலி, காய்ச்சல், விலாப்பகுதி வலி ஆகிய எதுவுமே இல்லை என்றால், பொதுவாக வேண்டியதில்லை. அறிகுறி இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா இருப்பது முதுமையில் மிகச் சாதாரணம். வீட்டில் நலமாக வாழும் 70 வயது கடந்த பெண்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினாறு பேர் வரை இப்படி இருக்கிறார்கள். இந்த நிலைக்கு மருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்று உறுதிப்பட்டிருப்பவை இரண்டு சூழல்கள்: கருவுற்றிருக்கும் காலம், சிறுநீர்ப் பாதையின் உட்சுவரில் இரத்தக்கசிவு உண்டாக்கக்கூடிய அறுவைச் சிகிச்சைக்கு முன். அறிக்கையில் சீழ்ச் செல்கள் கூடுதலாக இருப்பதும் அறிகுறி ஆகாது.

உறவினர்களின் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 'ஆர்' (ரெசிஸ்டன்ட், அதாவது அந்த மருந்துக்குக் கட்டுப்படாது) என்ற எழுத்துகளின் எண்ணிக்கையை அவர்கள் கிருமியின் கொடுமைக்கு அளவாக எடுத்துக்கொண்டார்கள். ஈ.எஸ்.பி.எல். என்பது பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளில் பெரும்பாலானவற்றை உடைக்கும் நொதி. அது சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டவும் உதவாது, சிறுநீரகத்தைத் துளைக்கவும் உதவாது. உங்கள் அம்மாவின் சிறுநீர்ப்பையில் குடியிருக்கும் கிருமி எத்தனை மருந்தை எதிர்த்தாலும், அங்கே கலகம் செய்யாமல் இருக்கும் வரை அதன் மீது மருந்தை ஏவுவதில் நன்மை இல்லை.

தீமை உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. அடிக்கடி தொற்று வரும் இளம்பெண்களிடம் அறிகுறியற்ற பாக்டீரியாவுக்கு மருந்து கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளியானது. மருந்து பெற்றவர்களுக்கே பின்னர் அறிகுறிகளுடன் கூடிய தொற்று அதிகமாக வந்தது. சாதுவான குடியிருப்பாளனை அகற்றியதால் வேறு கிருமிக்கு இடம் கிடைத்தது என்பதே பொருத்தமான விளக்கம். ஸ்வீடனில் ஒரு சிறுமி மூன்று ஆண்டுகள் எந்தத் தொந்தரவுமின்றிச் சுமந்திருந்த ஈ.கோலை வகையொன்றை 83972 என்று எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள். அதன் மரபணுக்களை ஆராய்ந்தால், ஒருகாலத்தில் வீரியத்துடன் இருந்த மூதாதையிடமிருந்து வந்து, ஒட்டும் இழைகளுக்கான மரபணுக்களைச் சிதைத்துக்கொண்ட கிருமி அது என்று தெரிகிறது. சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாத நோயாளிகளுக்கு அதையே வேண்டுமென்று சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்த்தபோது, அவர்களுக்குத் தொற்று வருவது குறைந்தது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பின்னாளில் அம்மாவுக்குக் காய்ச்சலோ எரிச்சலோ வந்தால், இந்தப் பழைய அறிக்கையை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போது எந்த மருந்தில் தொடங்குவது என்று தீர்மானிக்க அது மிகவும் பயன்படும்.

கேள்வி: நான் நுண்ணுயிரியல் மாணவி. வீரியமும் மருந்து எதிர்ப்பும் தனித்தனி என்றால், இரண்டும் ஒரே கிருமியில் சேராதா, ஐயா?

பதில்: சேரும், சேர்ந்தும் இருக்கிறது. ஆனால் நெடுங்காலம் நிலைமை வேறாக இருந்தது. சிறுநீரகத் தொற்றையும் இரத்தத் தொற்றையும் உண்டாக்கும் ஈ.கோலை வகைகளில் பெரும்பாலானவை பி-2 என்ற பரம்பரைக் கிளையைச் சேர்ந்தவை. அவை பழைய மருந்துகளுக்கே எளிதில் கட்டுப்பட்டன. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்த்த வகைகளோ பெரும்பாலும் வேறு கிளைகளிலிருந்து வந்தவை. அவற்றிடம் வீரிய மரபணுக்கள் குறைவாகவே காணப்பட்டன. இதைப் பார்த்து, எதிர்ப்பைப் பெறும் கிருமி அதற்கு விலையாக வீரியத்தை இழக்கும் என்று பலரும் ஆறுதல் கொண்டார்கள்.

அந்த ஆறுதலைக் குலைத்தது எஸ்.டி.131 என்ற குலம். 2008இல் பல நாடுகளிலிருந்து ஒரே நேரத்தில் அடையாளம் காணப்பட்ட இது பி-2 கிளையைச் சேர்ந்தது. ஃப்ளோரோகுவினோலோன் (சிப்ரோஃப்ளாக்சசின் அடங்கிய மருந்து வகை) எதிர்ப்பையும், சி.டி.எக்ஸ்-எம்-15 என்ற ஈ.எஸ்.பி.எல். நொதியையும் ஒருங்கே கொண்டு, உலகெங்கும் பரவியது. இன்று பல மருந்தை எதிர்க்கும் ஈ.கோலையால் வரும் சிறுநீர்த் தொற்றுகளில் இந்தக் குலத்தின் பங்கு பெரிது. கிளெப்சியெல்லா என்ற மற்றொரு பாக்டீரியாவின் நிலை இன்னும் கவலைக்குரியது: மிகை வீரியமுள்ள எஸ்.டி.23 என்ற வகை, கடைசிக் கட்ட மருந்தான கார்பபெனத்தை உடைக்கும் மரபணுவையும் ஏந்தி வருவது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2024இல் எச்சரிக்கை வெளியிட்டது.

உங்கள் பாடத்துக்குப் பயன்படும் வகையில் சொன்னால், இரண்டு பண்புகளும் வெவ்வேறு அழுத்தங்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. வீரியத்தைத் தேர்வது உடல், எதிர்ப்பைத் தேர்வது மருந்து. இரண்டுக்குமான மரபணுக்கள் ஒரே பிளாஸ்மிட்டில் (கிருமிக்குக் கிருமி தாவக்கூடிய டி.என்.ஏ. வளையம்) வந்து அமர்ந்துவிட்டால், மருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நாம் அறியாமலே வீரியத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் ஆகிறோம்.

கேள்வி: முன்பெல்லாம் சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டு மாத்திரையிலேயே குணமாகிவிடும், மிச்சத்தை அடுத்த முறைக்கு எடுத்து வைத்துவிடுவேன். இப்போது கேட்பதில்லை. என் உடம்பு அந்த மருந்துக்குப் பழகிவிட்டதா?

பதில்: உடம்பு பழகவில்லை. மாறியிருப்பது உங்களிடம் இருக்கும் கிருமி. சிப்ரோஃப்ளாக்சசின், கிருமியின் டி.என்.ஏ.வை முறுக்கியும் தளர்த்தியும் கையாளும் நொதிகளைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் மருந்தின் பிடி தளர்கிறது. அடுத்தடுத்து ஓரிரு மாற்றங்கள் சேர்ந்தால் மருந்து பயனற்றுப் போகிறது.

மருந்தைப் பார்த்துக் கிருமி தற்காப்பைக் 'கற்றுக்கொள்கிறது' என்று எழுதுவது பத்திரிகை வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. 1952இல் ஜோஷுவா, எஸ்தர் லெடர்பெர்க் தம்பதியர், தட்டில் வளர்ந்த ஈ.கோலைக் கூட்டங்களை வெல்வெட் துணியால் ஒற்றியெடுத்து மருந்துள்ள தட்டுகளில் பதித்தபோது, எதிர்க்கும் கூட்டங்கள் எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடங்களில் முளைத்தன. மருந்தை ஒருமுறைகூடக் காணாத மூலத் தட்டிலேயே அவை இருந்தன என்பது அதனால் உறுதியானது. (1958இல் ஜோஷுவாவுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது, எஸ்தருக்குக் கிடைக்கவில்லை.) பென்சிலினை உடைக்கும் நொதியை ஏபிரகாமும் செயினும் இதே ஈ.கோலையில் கண்டு 1940இல் அறிவித்தார்கள். அப்போது பென்சிலின் பொதுப் பயன்பாட்டுக்கே வந்திருக்கவில்லை. மேலே சொன்ன சி.டி.எக்ஸ்-எம் மரபணுக்கள்கூட, இயற்கைச் சூழலில் வாழும் குளுய்வெரா என்ற பாக்டீரியாவிடமிருந்து பிளாஸ்மிட்டுக்குத் தாவியவையே. மருந்து செய்வதெல்லாம், எதிர்ப்பு இல்லாதவற்றை அகற்றி, ஏற்கெனவே இருந்த சிலவற்றுக்கு இடத்தைத் திறந்துவிடுவதுதான்.

அந்த இடம் சிறுநீர்ப்பை மட்டுமல்ல, குடலும் கூட. நீங்கள் விழுங்கும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும், அது தொண்டை வலிக்காகவே இருந்தாலும், அடுத்த சிறுநீர்த் தொற்றுக்கான கிருமிகள் காத்திருக்கும் குடலின் மீதும் வேலை செய்கிறது. ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டவர்களின் சிறுநீர்க் கிருமிகளில் எதிர்ப்பு காணப்படும் வாய்ப்பு முதல் இரண்டு மாதங்களில் ஏறக்குறைய இரண்டரை மடங்காக இருப்பதாகவும், ஓராண்டு வரை ஓரளவு நீடிப்பதாகவும் 2010இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. இரண்டு மாத்திரை விழுங்கி, எரிச்சல் நின்றதும் மிச்சத்தை அடுத்த முறைக்கென்று எடுத்து வைத்த பழக்கம் உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது, அதை விட்டுவிடுங்கள். மேலும், இந்த வகை மருந்துகள் தசைநாண்களையும் நரம்புகளையும் பாதிக்கக்கூடும் என்பதால், வேறு மருந்து இருக்கும்போது சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் அறிவுறுத்தியது.

கேள்வி: அறிக்கையில் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எம்.ஐ.சி. 0.5 என்றும், நைட்ரோஃபுரன்டாயினுக்கு 16 என்றும் இருந்தது. சிறிய எண் உள்ள மருந்துதானே வலுவானது? மருத்துவர் ஏன் பழைய நைட்ரோஃபுரன்டாயினை எழுதினார்?

பதில்: உங்கள் மருத்துவர் செய்தது சரி. எம்.ஐ.சி. என்பது ஆய்வகத்தில் அந்தக் கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவைப்பட்ட மிகக் குறைந்த மருந்துச் செறிவு. ஒரு மருந்தின் எண்ணை அதே மருந்துக்குரிய எல்லையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். இரண்டு மருந்துகளின் எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பொருளற்றது. சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படும் எல்லை 0.25, எனவே 0.5 என்பது எல்லையைத் தாண்டிய எண். நைட்ரோஃபுரன்டாயினுக்கு அந்த எல்லை 32. ஆகவே 16 தாராளமாக உள்ளே இருக்கிறது.

பழைய மருந்து என்ற குறை தேவையில்லை. 1953இலிருந்து பயன்பாட்டில் இருந்தும், இன்றுவரை பெரும்பாலான ஈ.கோலைகள் அதற்குக் கட்டுப்படுகின்றன. கிருமியின் சொந்த நொதிகளே இந்த மருந்தைச் செயல்படத் தூண்டுகின்றன; பிறகு அது ஒரே நேரத்தில் கிருமியின் பல உறுப்புகளைத் தாக்குவதால், ஒற்றை மாற்றத்தால் தப்புவது கடினம். சிறுநீரில் மட்டுமே உயர்ந்த செறிவை எட்டுவது இதன் பலமும் பலவீனமும் ஆகும்: உடலின் பிற பகுதிகளை அதிகம் தொந்தரவு செய்யாது, ஆனால் சிறுநீரகத் தொற்றுக்குப் பயன்படாது. சிறுநீரகத்தின் செயல்பாடு மிகவும் குன்றியவர்களுக்கும், புரோட்டியஸ், சூடோமோனாஸ் கிருமிகளுக்கும் இது ஏற்றதன்று. 1969இல் அறிவிக்கப்பட்ட ஃபாஸ்ஃபோமைசினும் இதேபோல் பழையது. ஆய்வகத் தட்டில் அதை எதிர்க்கும் ஈ.கோலை எளிதாகவே தோன்றுகிறது, ஆனால் அப்படித் தோன்றியவை சிறுநீரில் மெதுவாகவே வளர்வதால் நடைமுறையில் தலையெடுப்பதில்லை. எதிர்ப்பைப் பெற்றதற்கு விலை கொடுக்கும் கிருமியை இங்கேதான் தெளிவாகப் பார்க்கலாம்.

கேள்வி: ஆறு மாதத்தில் மூன்று முறை வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கிருமி எல்லா மருந்துக்கும் கட்டுப்படுவதாகவே அறிக்கை சொல்கிறது. பிறகு ஏன் திரும்புகிறது?

பதில்: எதிர்ப்பே இல்லாத கிருமியும் மருந்திலிருந்து தப்பிக்கலாம் என்பதற்கு உங்கள் நிலை நல்ல எடுத்துக்காட்டு. சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டிய ஈ.கோலை, செல்லுக்குள்ளேயே புகுந்து, அங்கே நெருக்கமான கூட்டமாகப் பெருகுவது 2003இல் எலிகளில் விவரிக்கப்பட்டது. பின்னர் தொற்று கண்ட பெண்களின் சிறுநீரில் உதிர்ந்த செல்களிலும் அத்தகைய கூட்டங்கள் காணப்பட்டன. எலிகளில், சில கிருமிகள் செல்லின் ஆழத்தில் உறங்கும் நிலையில் தங்கி, வாரங்கள் கழித்து விழித்தெழுவதும் தெரியவந்துள்ளது. பல மருந்துகள் அங்கே போதிய அளவில் சென்று சேர்வதில்லை. இதல்லாமல், குடலிலிருந்து அதே வகை மீண்டும் மீண்டும் வருவதும் பொதுவான காரணம். கல் அல்லது அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் தேவைப்படலாம்.

ஆன்டிபயாடிக் அல்லாத வழிகளில் சான்று உள்ளவை சில. குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பழக்கமும் அடிக்கடி தொற்றும் உள்ள, மாதவிடாய் நிற்காத பெண்கள் நாளொன்றுக்குக் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தபோது, அவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறையே தொற்று வந்தது; அப்படிக் குடிக்காத ஒப்பீட்டுக் குழுவுக்கு 3.2 முறை வந்தது. 2018இல் வெளியான இந்த முடிவை நான் முதலிடத்தில் வைப்பேன். மாதவிடாய் நின்றவர்களுக்கு யோனியில் இடும் ஈஸ்ட்ரோஜன் மருந்து பலனளிப்பது 1993இலேயே காட்டப்பட்டது; அங்கே லாக்டோபேசிலஸ் என்ற நன்மை தரும் கிருமி மீண்டும் குடியேறுவதே காரணம். மெத்தனமின் என்ற பழைய மருந்து, தினசரி ஆன்டிபயாடிக்கைவிடப் பெரிதாகப் பின்தங்கவில்லை என்று 2022இல் தெரிந்தது. ஃபிம்-எச் மானோஸைப் பற்றுகிறது என்பதால், மானோஸையே குடித்து அதை ஏமாற்றலாம் என்ற எண்ணம் கவர்ச்சியானது; 2024இல் வெளியான பெரிய பரிசோதனையில் அது பலன் தரவில்லை.

கேள்வி: அப்பாவுக்கு நிரந்தரமாகக் கத்தீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) உள்ளது. சிறுநீர் எப்போதும் கலங்கலாக இருப்பதுடன் குழாயும் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. கிருமி மிக வீரியமானதா?

பதில்: கத்தீட்டர் இருக்கும்போது கிருமிக்கு அதிக வீரியம் தேவைப்படுவதில்லை, குழாயே அதற்கு ஏணியாகிறது. குழாய் வைத்த பின் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 விழுக்காடு வரை சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு கூடுகிறது. நிரந்தரமாக வைத்திருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். கலங்கல் மட்டுமே மருந்துக்குக் காரணமாகாது. அடைப்பு அடிக்கடி ஏற்பட்டால் புரோட்டியஸைச் சந்தேகிக்க வேண்டும்: அது யூரியாவை அம்மோனியாவாகப் பிளந்து சிறுநீரைக் காரத்தன்மை உள்ளதாக்குவதால் தாது உப்புகள் படிகங்களாகிக் குழாயை அடைக்கின்றன. சிறுநீர்ப்பையில் கல் உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் தாமதிக்க வேண்டாம். அப்போது பழைய குழாயை மாற்றி, புதிய குழாயிலிருந்தே மாதிரி எடுப்பதுதான் முறை.

கேள்வி: புதிய மருந்து அல்லது தடுப்பூசி ஏதேனும் வருகிறதா?

பதில்: சில நாடுகளில் பல்லாண்டுகளாகப் பயன்பட்டுவந்த பிவ்மெசிலினம் 2024இலும், முற்றிலும் புதிய வகையைச் சேர்ந்த ஜெப்போடிடாசின் 2025இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன; இரண்டும் சிக்கலற்ற சிறுநீர்ப்பைத் தொற்றுக்கான வாய்வழி மாத்திரைகள். இரத்தத்தில் பரவும் ஈ.கோலை நோயைத் தடுக்க உருவாக்கப்பட்ட தடுப்பூசியொன்றின் இறுதிக்கட்டப் பரிசோதனை, போதிய பலன் தராததால் 2025இல் நிறுத்தப்பட்டது. கிருமியைக் கொல்லாமல் ஃபிம்-எச்சின் பிடியை மட்டும் அடைக்கும் மானோசைடுகள் என்ற மூலக்கூறுகள் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. எதிர்ப்பு வளர்வதற்கான அழுத்தத்தை அவை குறைவாகவே தரும் என்ற எதிர்பார்ப்பில், வீரியத்தை நேரடியாகக் குறிவைக்கும் முயற்சிகளில் அவற்றின் மீதே அதிகக் கவனம் குவிந்திருக்கிறது.